என்ன சொல்வது? எப்பொழுது சொல்வது?

ஆங்கிலம் பயிலும் மாணவியர் எப்படியும் ஒரு நாள் சந்திக்கும் சொல் 'குவாண்டரி' என்பது. 'க்யூ' எழுத்தில் தொடங்கி 'ஒய்' எழுத்தில் முடியும் எட்டெழுத்துச் சொல். அகராதியைப் புரட்டினால், திகைப்பு, தயக்கம், இன்னது செய்வதென்று அறியாத நிலை என்று பொருள் காணலாம். வீட்டில் ஒருவர் இருப்பதுபோல, ஒருவர் குவாண்டரியில் 'இருக்கிறார்' என்றே ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாமும் இக்கட்டில் அகப்பட்டார், சங்கடத்தில் மாட்டிக்கொண்டார் என்கிறோம் அல்லவா? ஆக, இது மனிதர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம்; வெளியே வரவேண்டிய ஓர் இடமுமாகும்.

ஒரு சொல்லின் பொருளை அறிந்தால் மதிப்பெண் பெறலாம். அதன் பிறப்பை ஆராய்ந்தால் சில வேளைகளில் வாழ்க்கைக்கே பாடம் பெறலாம். இச்சொல் அவ்வகையைச் சேர்ந்தது என்பது நம் கருத்து. அதிலும், பிரெஞ்சு மொழியின் நிழல் நீண்ட காலம் படிந்த காரைக்கால் மண்ணில், பூவம் போன்ற எல்லையூரில் வாழும் நமக்கு இச்சொல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

உறவுச் சொற்கள்

முதலில் இச்சொல்லின் உறவினரைப் பார்ப்போம். திகைப்பையும் தயக்கத்தையும் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு படத்தை ஒளித்து வைத்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், அதே படத்தை நம் பாட்டிமார் பழமொழியாகவும் மரபுத்தொடராகவும் வைத்திருக்கிறார்கள்.

'பிவில்டர்' என்ற சொல்லின் நடுவே இருப்பது காட்டைக் குறிக்கும் சொல். வழி தெரியாத வனாந்தரத்தில் ஒருவரைத் திகைக்கவிடுவது அதன் கருத்து. 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல' என்று நாம் சொல்வதும் அதுவே. 'பெர்ப்ளெக்ஸ்' என்பது பின்னுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பின்னலைப் பிரிக்க முடியாமல் சிக்கு விழுந்த நிலை அது. தலை பின்னும் எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாமும் 'சிக்கல்' என்றுதான் சொல்கிறோம். 'ஹெசிடேட்' என்பதன் இலத்தீன் வேர், ஒட்டிக்கொள்ளுதல், சிக்கி நிற்றல் என்று பொருள்படும். முன்னே எடுத்துவைக்க வேண்டிய கால் சேற்றில் ஒட்டிக்கொண்டது. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பது நம் வழக்கு. 'டைலமா' கிரேக்கச் சொல். இரண்டு கொள்கைகளுக்கு இடையே அகப்படுவது. அதற்கு இரண்டு கொம்புகள் உண்டு, எதைப் பிடித்தாலும் குத்தும் என்பர் ஆங்கிலேயர். நம் முன்னோர் கண்டதோ இருபுறமும் எரியும் கட்டையின் நடுவே ஓடும் எறும்பை: 'இருதலைக் கொள்ளி எறும்பு'. மாட்டின் கொம்பைவிட எறும்பின் தவிப்பே நம் நெஞ்சைத் தொடுகிறது!

அப்படியானால் குவாண்டரிக்கு உள்ளே ஒளிந்திருக்கும் படம் எது? அங்கேதான் அறிஞர்களே குவாண்டரியில் இருக்கிறார்கள்.

பிறப்பறியாச் சொல்

இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அந்நாளில் அதை உச்சரிக்கையில் நடு அசையை அழுத்திச் சொன்னார்கள். இன்று முதல் அசை அழுத்தம் பெறுகிறது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதற்குத் திட்டமான சான்று கிடைக்கவில்லை.

லிங்கன் நகர மருத்துவரும் மொழி ஆராய்ச்சியாளருமான ஸ்டீபன் ஸ்கின்னர் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். அவர் மறைந்தபின் 1671இல் வெளிவந்த அவரது வேர்ச்சொல் நூல் பிற்காலத்தாருக்குப் பெரிதும் பயன்பட்டது. பிரெஞ்சு மொழியில் 'கான் திரேஜ்' என்றொரு தொடர் உண்டு. 'அதைப்பற்றி நான் என்ன சொல்வேன்?' என்பது அதன் பொருள். இத்தொடரே ஆங்கிலேயர் நாவில் தேய்ந்து குவாண்டரி ஆயிற்று என்பது ஸ்கின்னரின் கருத்து. 1755இல் பேரகராதி வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சனும் ஸ்கின்னரைச் சுட்டி இதையே குறித்தார். ஆனால் சொல்லைத் தம் நூலில் சேர்த்துக்கொண்ட அவர், அதைத் தாழ்ந்த வழக்கு என்று சொல்லி ஒதுக்கவும் செய்தார். பெரியவர்களுக்கும் தயக்கம் உண்டு போலும்!

வேறு சிலர், துன்பத்தைக் குறிக்கும் 'வாண்ட்ரெத்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லே இப்படித் திரிந்தது என்றனர். இன்று ஓரளவு ஏற்கத்தக்கதாகக் கருதப்படும் ஊகம் இன்னொன்று. இலத்தீனில் 'குவாந்தோ' என்றால் 'எப்பொழுது?' என்று பொருள். இலத்தீன் கற்ற மாணவர் எவரோ விளையாட்டாக அதற்கு ஒரு வால் ஒட்டி, இலத்தீன் போல ஒலிக்கும் புதுச் சொல்லாக்கி உலவவிட்டிருக்கலாம் என்பர். ஆயினும் இதுவும் ஊகமே. இக்காலப் பேரகராதிகள், பிரெஞ்சு விளக்கத்தைத் தள்ளிவிட்டு, 'பிறப்பு உறுதியில்லை' என்று அச்சிட்டு நிற்கின்றன.

இந்த இடத்தில் மாணவியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கற்றவர்கள் தேடினார்கள், ஒப்பிட்டார்கள், தள்ளவேண்டியதைத் தள்ளினார்கள், பிறகு 'தெரியவில்லை' என்று எழுதினார்கள். அரைகுறைச் சான்றை வைத்துக்கொண்டு அடித்துப் பேசுவதைவிட அது உயர்ந்தது. தேடிய பின் வரும் 'தெரியவில்லை' வேறு. தேடாமலே சொல்லும் 'தெரியாது' வேறு. முன்னது அறிவின் அடக்கம். பின்னது சோம்பலின் சாக்கு.

இரண்டு கேள்விகள்

சொல்லின் உண்மையான பெற்றோர் யாரென்று தெரியாவிட்டாலும், ஊகித்துச் சொல்லப்பட்ட இருவரையும் ஒருங்கே நிறுத்திப் பாருங்கள். ஒருவர் 'என்ன சொல்வேன்?' என்கிறார். மற்றவர் 'எப்பொழுது?' என்கிறார். மனிதரின் தயக்கம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது அல்லவா? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவிப்பது முதற்கேள்வி. நாள் நெருங்குகிறதே என்று பதறுவது இரண்டாம் கேள்வி. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் தோற்ற இரண்டு விளக்கங்கள், மனித மனத்தை ஆராய்வதில் வென்றுவிடுகின்றன!

நம் காரைக்கால் இவ்விரு கேள்விகளையும் நன்கறிந்த ஊர். முதற்கேள்விக்கு ஒரு பெண்ணின் வரலாற்றையும், இரண்டாம் கேள்விக்கு ஓர் உடன்படிக்கையையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மாங்கனி தந்த சோதனை

எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் காரைக்கால் பிள்ளைகளுக்குப் புனிதவதியாரின் வரலாறு தெரியும். ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழா அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்துரைத்தார்.

வணிகன் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த அடியவருக்கு, கறி சமைத்தாகாத வேளையில், புனிதவதியார் ஒரு கனியைச் சோற்றுடன் படைத்துவிடுகிறார். நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சிய கனியைச் சுவைத்து, 'மற்றொன்றையும் கொண்டு வா' என்கிறான். உள்ளே சென்ற அவர் செய்வதறியாது இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்து சேருகிறது. அதன் சுவை வேறாக இருக்கக் கண்ட கணவன், 'இது எங்கே பெற்றாய்?' என்று கேட்கிறான்.

பலர் கனி வந்த அற்புதத்தைச் சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் சேக்கிழார் நின்று நிதானிக்கும் இடம் இதற்கு அடுத்தது. இறையருளை வெளியே பேசுவது முறையன்று என்று அந்த அம்மையாருக்குத் தோன்றுகிறது. கேட்ட கணவனிடம் உண்மையை மறைப்பதும் முறையன்று என்று தோன்றுகிறது. எதைச் செய்தாலும் ஒரு நெறி வழுவும். அசல் குவாண்டரி! 'என்ன சொல்வேன்?' என்ற கேள்வி ஒரு பெண்ணின் நெஞ்சில் எழுந்து நின்ற அந்தக் கணத்தைப் புலவர் அவமதிக்கவில்லை. கோழைத்தனம் என்று கூறவில்லை. இரு நெறிகளையும் உணர்ந்த நெஞ்சமே அப்படித் தயங்கும் என்று காட்டுகிறார்.

முடிவில் அம்மையார் நடந்ததை நடந்தபடியே உரைத்தார். அதனால் அவருக்கு இன்பமா விளைந்தது? கணவன் அஞ்சினான், பின்னர்க் கப்பலேறிப் பிரிந்தே போனான். உண்மை சொன்னால் உடனே நன்மை கிட்டும் என்று இவ்வரலாறு ஆசை காட்டவில்லை. ஆயினும், தயங்கி, எண்ணி, தம் வாயாலேயே விடை கூறிய அந்தப் பெண்தான் பின்னாளில் அற்புதத் திருவந்தாதி பாடினார். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராக எண்ணப்படுகிறார். பொய்யொன்று சொல்லி அன்றைய பொழுதை ஒப்பேற்றியிருந்தால் அவர் பெயரை ஊர் நினைத்திருக்குமா?

ஆறு மாதத் தவணை

இனி இரண்டாம் கேள்வியாகிய 'எப்பொழுது?' என்பதற்கு வருவோம்.

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பி, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28ஆம் நாள் இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் நாள்.

அந்த உடன்படிக்கையில் குடியுரிமையைப் பற்றிய பிரிவுகள் உண்டு. இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்துவந்த பிரெஞ்சுக் குடிகள் அன்று முதல் இந்தியக் குடிகள் ஆவர். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் எத்தனை வீடுகளில் அந்த ஆறு மாதமும் விளக்கெரிந்த இரவுகளாகக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய உறவினர் ஒருபுறம். வயலும் வாய்க்காலும் கோயிலும் கல்லறையும் உள்ள சொந்த மண் மறுபுறம். ஓய்வூதியமா, ஊராரின் உறவா? பிள்ளைகளின் படிப்பா, பெற்றோரின் முதுமையா? ஏறத்தாழ 5000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். மற்றவர் இந்தியர் ஆயினர். இரு சாராரையும் நாம் போற்றுகிறோம். எவர் முடிவு சரி என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே வரவில்லை.

நாம் சுட்ட விரும்புவது அந்தப் பிரிவுகளில் உள்ள இரண்டு நுணுக்கங்களை மட்டுமே.

ஒன்று: எதுவும் எழுதிக் கொடுக்காமல் இருந்தவருக்கும் விடை ஒன்று எழுதப்பட்டுவிட்டது. விரும்பி இந்தியரானவரும், முடிவு செய்ய இயலாமல் நாளைக் கடத்தியவரும் ஒரே பட்டியலில் சேர்ந்தனர். கெடு முடிந்த மறுநாள், தயக்கம் என்பது இல்லாமற் போயிற்று. மௌனம் கையொப்பமாக மாறியது. காலம் எவரையும் குவாண்டரியில் நிரந்தரமாகக் குடியிருக்க விடுவதில்லை.

இரண்டு: 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தை முடிவு செய்வார்; தந்தை இல்லையேல் தாய்; இருவரும் இல்லையேல் பாதுகாவலர். மணமான மகன் 16 வயதைக் கடந்திருந்தால் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று சலுகை இருந்தது. மகள்களுக்கு அப்படியொரு வரி எழுதப்படவில்லை. தந்தையை இழந்த வீட்டில், அதுவரை கடைத்தெருக் கணக்கைக்கூடப் பார்த்திராத ஒரு தாய், தன் பிள்ளைகள் எந்நாட்டார் என்பதை ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. என்ன சொல்வது என்று பேசிப் பழக்கமில்லாதவரிடம், எப்பொழுது சொல்வாய் என்று நாட்காட்டி கேட்டது.

பெண்மக்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

மௌனம் சம்மதமா?

பழங்கதை பேசுவதற்காக நாம் இவற்றை எடுத்துக்கூறவில்லை. இன்றும் நம் வீடுகளில் குவாண்டரிகள் குறைவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே 'எந்த குரூப் எடுக்கிறாய்?' என்ற கேள்வி எழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் எந்தக் கல்லூரி, விடுதியா வீடா என்ற கேள்வி. இன்னும் சில ஆண்டுகளில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பூவும் பழமுமாகத் தட்டில் வந்து நிற்கும்.

அப்போதெல்லாம் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தலை குனிகிறார்கள். கால் விரலால் தரையைக் கீறுகிறார்கள். உடனே பெரியவர்கள் முகம் மலர்ந்து, 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று வெற்றிலையை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பழமொழியைத்தான் நாம் மறுக்க விரும்புகிறோம். மௌனம் சில வேளை சம்மதமாக இருக்கலாம். சில வேளை அது அச்சம். சில வேளை மரியாதை. பல வேளைகளில், 'எனக்கு இன்னும் தெரியவில்லை, சற்றுப் பொறுங்கள்' என்பதன் ஊமை மொழி. இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் 'சம்மதம்' என்று சீட்டு ஒட்டுவது நியாயமாகாது.

திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், அந்தச் சம்மதத்தை வேறெந்த மனித ஆற்றலும் அவர்களுக்குப் பதிலாகத் தர முடியாது என்றும் கூறுகிறது. தந்தையின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது. பீடத்தின் முன்னே குருவானவர் மணமகளை நோக்கி நேராகக் கேட்கிறார். அவளே வாய் திறந்து மறுமொழி சொல்ல வேண்டும். பேச இயலாதவராயின் அதற்கு ஈடான அடையாளத்தால் தெரிவிக்க வேண்டும். வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ தந்த சம்மதம் செல்லாது. அதற்கு முன்பே கோயிலில் ஓலை வாசித்து, தடை ஏதேனும் உண்டா என்று ஊரையே கேட்கும் வழக்கமும் இருக்கிறது. கேட்பதற்கும் எண்ணுவதற்கும் இத்தனை இடம் விட்டு வைத்திருக்கையில், வீட்டுக்கூடத்தில் மட்டும் அரை நிமிட மௌனத்தை வைத்து ஏன் தீர்மானிக்க வேண்டும்?

காத்திருந்த வானதூதர்

நாசரேத்தூர் கன்னியிடம் வானதூதர் கபிரியேல் வந்த மங்கள வார்த்தையை நாள்தோறும் மூன்று வேளையும் மணியோசையோடு நினைவுகூர்கிறோம். லூக்கா நற்செய்தியைக் கருத்தூன்றிப் படித்தால், மரியாள் உடனே 'ஆகட்டும்' என்று சொல்லவில்லை என்பது விளங்கும். முதலில் கலங்கினார். அந்த வாழ்த்து எத்தகையதோ என்று சிந்தித்தார். பின்னர், இது எப்படி நடக்கும் என்று கேள்வி கேட்டார். விளக்கம் பெற்றபின், தம் வாயாலேயே தம் இசைவை அளித்தார்.

சேக்கிழார் வாழ்ந்த அதே 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, இந்நிகழ்ச்சியைப்பற்றிய தம் மறையுரையில், வானதூதரும் உலகம் முழுவதும் அக்கன்னியின் மறுமொழிக்காகக் காத்து நிற்பதாகக் காட்டியுள்ளார். விண்ணகமே ஒரு பெண்ணின் விடைக்காகக் காத்திருந்தது! அவருடைய கலக்கத்தை விசுவாசக் குறைவென்று எவரும் கண்டிக்கவில்லை. அவருடைய கேள்வியை எதிர்வாதம் என்று எவரும் அடக்கவில்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று வானதூதர் எடுத்துக்கொண்டு பறந்துவிடவும் இல்லை. இதைவிட மேலான முன்மாதிரி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேண்டுமோ?

நம் பகுதியில் பெண்கல்விக்கு வித்திட்டோரும் இதை உணர்ந்திருந்தனர் எனலாம். புதுச்சேரி மறைப்பணியாளரான தூய்புய் அடிகளார், 1844இல் பெண்மக்களுக்குக் கல்வி புகட்டவென்றே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். அவரே மூசே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சுப் பேரகராதியைத் தொகுத்தவர். அது 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. சொற்களைச் சேகரித்தவரே பெண்களுக்குப் பள்ளியும் தேடினார் என்பது பொருத்தமான செய்தி. சொல் இல்லாதவருக்கு விடையும் இல்லை. 'என்ன சொல்வேன்?' என்று திகைக்கும் பெண்ணுக்குச் சொல்லைக் கொடுப்பதே பள்ளியின் வேலை.

தயங்கும் முறை

அப்படியானால் எப்பொழுதும் தயங்கிக்கொண்டே இருக்கலாமா? கூடாது. மதில்மேல் பூனைக்கு அழகும் இல்லை, பயனும் இல்லை. ஆறு மாதத் தவணை நமக்குக் கற்பித்தது அதுவே. தயங்குவதற்கும் ஒரு முறை உண்டு.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் முடிவெடுக்கும் வழிகளை ஒழுங்குபடுத்திக் கூறியுள்ளார். மாணவியருக்குப் பயன்படும் நான்கை மட்டும் எளிமையாகத் தருகிறோம். முதலாவது, இந்த வழியால் வரும் நன்மை தீமைகளையும், அந்த வழியால் வரும் நன்மை தீமைகளையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது. ஒரு தாளை நடுவில் மடித்து எழுதினால் மனத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும். இரண்டாவது, முன்பின் அறியாத ஒருவர் இதே சங்கடத்துடன் நம்மிடம் வந்தால் என்ன அறிவுரை கூறுவோம் என்று எண்ணிப் பார்ப்பது. பிறருக்குச் சொல்லும்போது நம் புத்தி தெளிவாக வேலை செய்கிறது. மூன்றாவது, வாழ்க்கையின் இறுதி நாளில் இதைத் திரும்பிப் பார்த்தால் எந்த முடிவு மனநிறைவு தரும் என்று சிந்திப்பது. நான்காவது, மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதிருப்பது. அழுகையோடு எழுதிய கடிதத்தை உடனே தபாலில் போடாதே என்று நம் வழக்கில் சொல்லலாம்.

இவற்றோடு, நம் சொல்லாராய்ச்சியில் கிடைத்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'என்ன சொல்வேன்?' என்று உள்ளம் கேட்டால், 'எப்பொழுது சொல்வேன்?' என்று நீங்களே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம், 'அப்பா, எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்' என்று கூறுங்கள். அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. பொறுப்போடு பேசுவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கேட்ட தவணைக்கு விடை தராவிட்டால் அடுத்த முறை தவணை கிடைக்காது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் தயங்கினால், 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என்று அதட்டாதீர்கள். 'எது உன்னைத் தடுக்கிறது, அம்மா?' என்று கேளுங்கள். அதட்டினால் உங்களுக்குப் பிடித்த விடை கிடைக்கும். கேட்டால் அவளுடைய விடை கிடைக்கும். வீட்டில் சிறு கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய பெண்ணே நாளை பெரிய கேள்விக்கு நிமிர்ந்து விடை சொல்வாள். அருட்சகோதரிகளும் ஆசிரியர்களும் வகுப்பறையில் இதற்கு வழி செய்யலாம். கேள்வி கேட்டவுடன் கை தூக்கும் மாணவிக்கே வாய்ப்பளிக்காமல், சற்று எண்ணிச் சொல்லும் மாணவிக்காகவும் பத்து விநாடி பொறுத்திருந்தால் எத்தனை அமைதியான குரல்கள் வெளிப்படும்!

நம் தமிழில் 'தயங்குதல்' என்ற சொல்லுக்கு அசைதல் என்றும், ஒளிவிடுதல் என்றும் பழம்பொருள்கள் உண்டு. கடற்காற்று வீசும் நம் ஊர்களில் ஏற்றிவைத்த அகல்விளக்கு அசையத்தான் செய்யும். அசைவதால் அது அணைந்துவிட்டதென்று எவரும் சொல்வதில்லை. கையால் மறைத்துக் காற்றைத் தடுத்தால் சுடர் நிமிர்ந்துகொள்ளும். தயங்கும் பெண்ணும் அப்படியே. அவளை ஊதி அணைத்துவிடாமல் ஒரு கை காற்றைத் தடுக்கட்டும். அவளும் தன் வேளை வரும்போது நிமிர்ந்து, தன் வாயால், தன் சொல்லால் விடை கூறட்டும்.